செய்து காட்டின மாதிரியே

மார்ச் 3, திங்கள்

படப்பிடிப்பின் பத்தொன்பதாம் நாள். காலையிலேயே நாயகனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

காட்சி சின்னதுதான். மனைவியை இழந்தவன், ஆறு வயது மகளை மனைவியின் அக்காவிடம் விட்டுவிட்டு வேலைக்காகக் கப்பலேறப் போகிறான். அந்த அக்கா, ‘குழந்தை இனிமேல் என் பிள்ளை, நீ நடுவில் வந்து குழப்பாதே’ என்கிறாள். இவன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். கேட்பது மட்டும்தான் வேலை. கை முழங்கால் மேல். நாயகன் என்னடா என்றால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ உருட்டிக்கொண்டே இருக்கிறான். நாலு டேக்கிலும் அதே உருட்டல்.

“விரலை யாரு ஆட்டச் சொன்னது?” என்றேன்.

“நீங்க செஞ்சு காட்டின மாதிரியேதான் சார் செஞ்சேன்.”

நக்கல் பண்ணுகிறான் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கத்தினேன். பாவம், கண் கலங்கிவிட்டது. அதையும் படம் பிடித்துக்கொண்டோம். நன்றாக வந்திருக்கிறது.

பதினாலு படம் எடுத்தவன், அதில் பதினொன்று ஓடியது என்று பத்திரிகைக்காரர்கள் எழுதுகிறார்கள். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றவன் என்பதை யாரும் எழுதுவதில்லை. காட்சியைத் தாளில் எழுதி நடிகர்களிடம் கொடுக்க எனக்கு வராது. கதாநாயகி, கிழவன், போலீஸ்காரன், வாசலில் படுத்திருக்கும் நாய், எல்லாமே நான் முதலில் நடித்துக் காட்டுவேன். அவர்கள் அதைப் பார்த்துச் செய்வார்கள். முப்பது வருடமாக இதுதான் என் தொழில். வேறு தெரியாது.

மார்ச் 4, செவ்வாய்

இன்று அக்காவாக நடிக்கும் அம்மாளும் விரலை உருட்டினார். நான் கத்தவில்லை.

மார்ச் 6, வியாழன்

மகள் எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டாள். என் படங்களுக்கு ஐந்து வருடமாக அவள்தான் எடிட்டர். வேலை நேரத்தில் என்னை அப்பா என்று கூப்பிட மாட்டாள். இன்று வாசலிலேயே, “உள்ள வாங்கப்பா” என்றாள்.

மூன்று துண்டுகளை ஓட்டிக் காட்டினாள். நாயகன், அக்கா, கப்பல் கம்பெனிக் கணக்குப்பிள்ளை. மூன்று பேருக்கும் வலது கை விரல் உருள்கிறது. அடுத்து மூன்று பேரும் நடந்து போகும் துண்டுகள். மூன்று பேரும் இடது கையை வீசி, வலது கையை இஸ்திரி போட்ட துணி மாதிரித் தொங்கவிட்டு நடக்கிறார்கள். ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல.

“இது உங்க நடைப்பா” என்றாள்.

நான் சிரித்தேன். “முப்பது வருஷமா எல்லாரும் என் நடையைத்தானே நடக்கிறாங்க” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. போன படத்தை எடுத்துப் போட்டாள். அதே நாயகன், ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருக்கும் காட்சி. ‘பேசாத நேரத்தில் அவர் விரல் பேசுகிறது’ என்று பத்திரிகையில் எழுதினார்களே, அது. அந்த விரலுக்கு அவனுக்கு விருது கொடுத்தார்கள். மேடையில் என் காலில் விழுந்தான். நானும் பெருமையாகத் தூக்கிவிட்டேன்.

ரெண்டு வருஷம். ரெண்டு வருஷமா என் கையை நான் பார்க்கவே இல்லையா? ஊரில் இருக்கிறவன் கையெல்லாம் பார்த்தேனே.

மார்ச் 7, வெள்ளி

குளிக்கும்போது பார்த்தேன். ஆமாம்.

மார்ச் 11, செவ்வாய்

டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு வரி எழுதச் சொன்னார். டாக்டர் டைரக்ட் பண்ணினார், நான் நடித்தேன். ஒரே டேக்கில் ஓகே சொல்லிவிட்டார். நானாக இருந்தால் இன்னொரு டேக் கேட்டிருப்பேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. கூட வந்திருந்த மகள் தேதியே சொன்னாள். எந்தக் காட்சியில் நாயகனின் விரல் முதலில் உருண்டது, எந்த ஷாட்டிலிருந்து கை வீச்சு நின்றது, எல்லாம் குறித்து வைத்திருக்கிறாள். டாக்டர் இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லையாம்.

நடுக்குவாதம். இப்போதைக்கு மாத்திரை நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்குமாம். வியாதி அது பாட்டுக்குப் போகுமாம். நடுக்கம் பெரிதில்லை, போகப் போக நுணுக்கமான வேலை எதுவும் கைக்கு வராது, மெதுவாகிவிடும் என்றார். பிறகு அவருடைய சம்சாரத்துக்கு அனுப்ப என்னோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

காரில் வரும்போது ஒரு சிக்னலில் மகள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்குள்ளேயும் அது உருண்டுகொண்டுதான் இருந்தது.

மார்ச் 12, புதன்

தயாரிப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்கிறாள் மகள். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பூங்கொத்தோடு வருவார். “உடம்புதான் முக்கியம் சார்” என்பார். கடைசிக் காட்சியை வேறொருவர் எடுப்பார்.

அந்தக் காட்சிக்காகத்தான் இந்தப் படமே. மகளை விட்டுப் பிரியும் காலையில் அப்பன் அவளுக்குப் பள்ளிக்கூடச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுவிடுகிறான். வசனம் கிடையாது. ஐந்து பொத்தான், அவ்வளவுதான். தேதி 27. அதுவரை யாருக்கும் தெரியக் கூடாது என்று மகளிடம் கெஞ்சினேன். நான், கெஞ்சினேன்.

“சரி. ஆனா இனிமே செஞ்சு காட்டாதீங்க. வாயால சொல்லுங்க.”

“வாயால சொல்லத் தெரிஞ்சா நான் வாத்தியார் வேலைக்குப் போயிருப்பேனேம்மா.”

மார்ச் 15, சனி

வாயால் சொன்னேன். வெளங்கிடும்.

“கொஞ்சம் இன்னும்... அப்படி இல்ல... உள்ளேயிருந்து, ஆனா வெளியே தெரியாம...” நாயகன் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். என் கேமராமேன் சோடாப்புட்டி, இருபது வருட சிநேகிதன், கேமராவுக்குப் பின்னாலிருந்து, “என்ன, இன்னிக்குப் பிரசங்கமா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் பெரிதாகச் சிரித்தேன். கை பாக்கெட்டில் இருந்தது.

மார்ச் 22, சனி

பொத்தான் காட்சியை எழுதிப் பார்த்தேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை. முதல் வரி சரியாக இருந்தது. ரெண்டாவது வரி சின்னதானது. அஞ்சாவது வரி எறும்பு.

சம்சாரம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்தாள். “ஏங்க, ரகசியமா எழுதறதுன்னாலும் எழுதினவருக்காவது தெரியணுமில்ல” என்றாள். அவளுக்கும் தெரியும். மகள் சொல்லியிருப்பாள். தெரியாத மாதிரியே கேலி பண்ணுகிறாள். நன்றாகவே நடிக்கிறாள், யாரும் செய்து காட்டாமலேயே.

எழுதினதில் ஒன்று மட்டும் புரிகிறது: கீழ்ப் பொத்தானில் ஆரம்பித்து மேலே போக வேண்டும். அது சரி. அதற்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது. என் கைக்கு அது தெரியும். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 27, வியாழன்

எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன்.

நாயகனுக்குச் சொன்னேன். கீழேயிருந்து மேலே, அவசரமில்லாமல். செய்தான். டெய்லர் அளவு பார்ப்பது மாதிரி இருந்தது. இல்லை என்றேன். மறுபடியும் செய்தான். இல்லை. என்ன இல்லை என்று கேட்டான். மரியாதையாகத்தான் கேட்டான். என்ன இல்லை? எனக்குச் சொல்லத் தெரியல.

“ஒரே ஒரு தடவை செஞ்சு காட்டிடுங்க சார். பிடிச்சுக்கறேன்.”

எண்பது பேர் நிற்கிறார்கள். மகளும் வந்திருந்தாள், ஓரமாக நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் போய்க் குழந்தை முன்னால் முட்டி போட்டேன். காலையில் போட்ட மாத்திரையை நம்பித்தான்.

விரல் ஆடவில்லை. ஆடியிருந்தால்கூடத் தேவலாம். பொத்தான் விரலுக்கு நடுவில் இருக்கிறது, துளை எதிரில் இருக்கிறது, கை போக மாட்டேன் என்கிறது. தள்ளுகிறேன். தள்ளுகிறேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரமோ. லைட் சத்தம் கேட்கிற அளவுக்கு செட் அமைதியாகிவிட்டது. கடைசியில் அந்தக் குழந்தை தன் சின்னக் கையை நீட்டி, அந்தப் பொத்தானைத் தானே போட்டுக்கொண்டது. என்னைப் பார்த்துச் சிரித்தது.

எழுந்திருக்க சோடாப்புட்டி கை கொடுத்தான். அவன் சும்மா இருந்து நான் பார்த்ததே இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, “நீங்களே உங்களுக்குத் தோணினபடி செய்யுங்க” என்று நாயகனிடம் சொன்னேன். அவன் மேலேயிருந்து கீழே போட்டான். போட்டு முடித்துக் குழந்தையைக் கட்டிக்கொண்டு அழுதான். எண்பது பேரும் அழுதார்கள். என்னைப் பார்த்து அழுதார்களோ, அவனைப் பார்த்து அழுதார்களோ.

அது இல்லை. நான் நினைத்தது அது இல்லை. பதினாலு டேக் கேட்கிறவன், மூணாவதிலேயே ஓகே சொன்னேன். இன்னொரு டேக் கேட்டு என்னத்தைச் சொல்வேன்?

ஏப்ரல் 2, புதன்

தயாரிப்பாளர் வந்தார். பூங்கொத்து. உடம்புதான் முக்கியம் என்றார். அடுத்த படத்தை என் பழைய உதவி இயக்குநர் எடுப்பாராம், நான் மேற்பார்வையாம். மேலே இருந்து பார்ப்பது என்றால் சொர்க்கத்திலிருந்தா என்று கேட்டேன். நெளிந்தார். சம்சாரம் காபியைக் கொண்டுவந்து அவரைக் காப்பாற்றினாள்.

ஜூன் 20, வெள்ளி

படம் வெளியாகிவிட்டது. ஓடுகிறது. பொத்தான் காட்சியில் தியேட்டரே அழுகிறதாம்.

ஜூலை 9, புதன்

வாசலில் ஒரு பெரியவர் என்னை நிறுத்தி, “அந்தப் பொத்தானைப் போடுற இடம் சார், உங்களைத் தவிர யாரால முடியும்?” என்றார். நன்றி என்றேன். வேறென்ன சொல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இதை இடது கையால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு வாத்தியார் பார்த்தால் இதற்கும் கோழிமுட்டைதான் போடுவார். இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிவிட்டது. நடந்தது வியாழக்கிழமை.

படத்தின் வெற்றி விழா. கார் ஐந்து மணிக்கே வாசலுக்கு வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் அறையில் சட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். இருபது நிமிடத்தில் ஒரு பொத்தான், அதுவும் தப்பான துளையில். மகள் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தாள்.

“நேரா நில்லுங்கப்பா” என்றாள். தப்பாகப் போட்டதைக் கழற்றிவிட்டுக் கீழேயிருந்து ஆரம்பித்தாள்.

முதல் ரெண்டும் பரபரவென்று போனது, ஹாரன் சத்தத்துக்கு ஏற்ற மாதிரி. மூன்றாவதில் கை கொஞ்சம் நின்றது. துணியைத் தடவி விட்டாள். சுருக்கம் ஒன்றுமில்லை, சும்மா தடவினாள். நாலாவது இன்னும் மெதுவாக. போட்ட பொத்தானைப் போட்டாயிற்றா என்று மறுபடி தொட்டுப் பார்த்தாள். கடைசிப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். போட்டுவிட்டால் தீர்ந்துவிடும், கிளம்ப வேண்டும். அதனால் போடாமல் நின்றாள். அவள் முகம் என் தாடைக்கு நேரே இருந்தது. நிமிரவில்லை.

அதுதான். சின்ன வயதில் இவள் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுதுகொண்டு நிற்பாளே, அப்போது நான் போட்டுவிட்டது இப்படித்தான். என் கைக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருந்தது இதுதான். இவளுக்கு யார் செய்து காட்டினார்கள்?

வெளியே ஹாரன். கடைசிப் பொத்தானையும் போட்டு, காலரைச் சரி பண்ணினாள்.

“என்னப்பா அப்படிப் பார்க்கறீங்க?”

சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. வழக்கம்போல.

“இன்னொரு டேக்” என்றேன்.

என்னைப் பார்த்தாள். வெளியே மறுபடி ஹாரன். மேல் பொத்தானிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தாள்.