நெக்லஸும் மூன்றாவது கிட்டாரும்

ஜூன் 15, ஞாயிறு

காலை முதல் மேல்காற்று. மாடியில் காயப்போட்ட துண்டு இரண்டு பக்கத்து மனையில். இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. காரின் பின் டயர் இன்னும் பார்க்கவில்லை.

மாலை வழக்கம் போல் குரும்பலூர். மனைவி சுமதிக்கு (இனி சு.) அங்கேதான் பள்ளி ஆசிரியை வேலை; ஞாயிறுகளில் அதே ஊரில் உரக்கடை முருகேசன் வீட்டு மாடியில் கிட்டார் பயிற்சி. அவரும் வாசிப்பவர். மாடியில் அவர்கள் இருவர், கீழே காத்திருக்கும் தரப்பாக நானும் அவர் மனைவி செல்வியும். தேநீர், அவல் மிக்சர்.

செல்வி நன்றாகப் பேசக்கூடியவர். "நம்மாளுக்கு அந்தப் பொட்டிதாங்க மொதல் சம்சாரம். நான் ரெண்டாந்தாரம்" என்றார். குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை என்பதால் விட்டுவிட்டாராம். ஆனால் மாதந்தோறும் கூரியரில் ஏதாவது வந்துவிடுகிறது. என்னவென்று கேட்டால் கம்பி என்கிறார். "இதுவரைக்கும் வாங்குன கம்பிக்கு மேல ஒரு தளமே போட்டிருக்கலாங்க சார்."

உங்கள் வீட்டில் எப்படி என்று கேட்டார். எனக்கு ஆட்சேபணை எதுவும் இல்லை என்றேன். கோர்ட்டில் சொல்வது போல் சொல்கிறீர்களே என்று சிரித்தார். சரியான பதிலைத்தான் சொன்னேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

திரும்பும்போது சு. விரல் நுனிகளை ஊதிக்கொண்டே வந்தாள். இருக்கும் இரண்டில் நல்ல கிட்டாரின் கழுத்து கோடை வெயிலில் வளைந்துவிட்டதாம். கம்பி உயர்ந்துவிட்டதால் அழுத்த முடியவில்லை. சரி செய்ய முடியாதா என்றேன். ஒருமுறை செய்தாயிற்று, மறுபடி வளைந்துவிட்டது என்றாள்.

ஜூன் 16, திங்கள்

அரியலூர் வரை சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போனேன். மீன்சுருட்டி முந்திரித் தோப்பு எல்லை வழக்கு மீண்டும் வாய்தா. கட்சிக்காரர் பலாப்பழம் கொண்டுவந்திருந்தார். மறுக்க முடியவில்லை, கார் முழுவதும் அந்த வாசனை.

சாப்பிட உட்கார்ந்ததும் சு. கேட்டாள்: "அப்பா போட்ட நெக்லஸ வித்துட்டு ஒரு நல்ல கிட்டாரா வாங்கிக்கலாம்னு இருக்கேன். நீங்க என்ன சொல்றீங்க?"

கேட்கப்பட்ட கேள்விக்கு உரிய பதிலைச் சொன்னேன். திருமணத்தின் போது பிறந்த வீட்டார் கொடுத்த நகை அவளுடைய சீதனம். முழு உரிமை அவளுக்கே. விற்கவோ, அடகு வைக்கவோ, யாருக்கேனும் கொடுக்கவோ கணவனின் சம்மதம் தேவையில்லை.

"நான் சட்டம் கேக்கலங்க" என்றாள். ரசம் ஊற்றினாள். பலாச்சுளை வேண்டுமா என்று கேட்டாள்.

அந்த நெக்லஸ் பழைய மோஸ்தர். கொக்கி உடைந்து, பல வருடமாக லாக்கரில் கிடக்கிறது. மகளும் அதைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சு.வின் சம்பளத்தில் வீட்டுக்கடன், மகளின் கோயம்புத்தூர் விடுதிக் கட்டணம். அதிலிருந்து எடுக்க அவளுக்கு மனமில்லை. ஆக, அவளுடைய யோசனையில் குறை காண இடமில்லை. பெருந்தன்மையாகவே பதில் சொன்னதாக நினைத்தேன். அவள் முகம் அப்படிச் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். மாத்திரை போட மறந்து, மதியம் போட்டேன்.

அரியலூரில் கோர்ட் வாசலில் மைத்துனன் செந்தில். ஜெயங்கொண்டத்தில் முந்திரி வியாபாரம். இந்தப் பக்கம் வசூலுக்கு வந்தவன். அப்பா போட்ட நகை என்பதால் சு. முறையாக அவனிடமும் தகவல் சொல்லியிருக்கிறாள். டீக்கடைக்கு இழுத்துப் போனான்.

அவனுக்கு நகை போவதில் வருத்தமில்லை, பேச்சு கிளம்பும் என்பதில்தான். "பெரம்பலூர் கடத்தெருவுல உங்களத் தெரியாதவங்க யாரு மாமா? வக்கீல் பொண்டாட்டி நகையத் தூக்கிக்கிட்டு வந்துருச்சுன்னா, கிட்டாருக்குன்னா நம்புவாங்க? மாமா எதுலயோ மாட்டிக்கிட்டாருன்னுதான் பேசுவாங்க."

நகை அவளுடையது, நீயோ நானோ தடுக்க முடியாது என்று விளக்கினேன். தடுக்கச் சொல்லவில்லை, நல்லபடியாக எடுத்துச் சொல்லுங்கள் என்றான். கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு அக்கா கம்பியை மீட்டிக்கொண்டிருக்கிறாள் என்று வேறு சொன்னான். மகளுக்கு வயது பதினெட்டு. அதைச் சுட்டிக்காட்டினேன்.

டீக்குக் காசு அவனே கொடுத்தான்.

அவன் சொன்னதில் ஒரு வாக்கியம் கூட எனக்குப் புதிதில்லை. நேற்று இரவே எனக்குள் ஓடியவைதான். அவன் வாயால் கேட்கும்போது அசிங்கமாக இருந்தது.

ஜூன் 19, வியாழன்

எழுதியே ஆகவேண்டிய நாள். நடந்ததை நடந்தபடியே.

மாலை ஐந்து மணி அளவில், அரியலூரில் நகல் மனு வேலையில் இருந்தபோது, பெரம்பலூர் நகைக்கடை ராஜமாணிக்கத்திடமிருந்து அழைப்பு. அவருடைய கடை வாடகை வழக்கை நடத்திக் கொடுத்தது நான். தணிந்த குரல். "சார், அம்மா வந்திருக்காங்க. ஒரு நெக்லஸ் குடுக்கணுங்கறாங்க. உங்களுக்குத் தெரியுமில்ல?"

தெரியும் என்று மட்டும் சொல்லியிருக்க வேண்டும். தெரியும் என்றேன்; அதோடு நிற்கவில்லை. விலை ஏறும் போலிருக்கிறதே, நாளைக்கு வரச் சொல்லலாமா என்றேன். நாளை வெள்ளிக்கிழமை, வெள்ளியன்று யாரும் வீட்டிலிருந்து தங்கத்தை வெளியே கொடுக்க மாட்டார்களே என்றார். அப்படியானால் அடுத்த வாரம் வரட்டும் என்றேன். வெள்ளிக்கிழமையில் எனக்கு எந்த நம்பிக்கையும் கிடையாது. ஆனால் வசதியாக இருந்தது.

புரிந்துகொண்டேன் என்பது போல் ஒரு "சரிங்க சார்". அவர் எதைப் புரிந்துகொண்டார் என்று வழியெல்லாம் யோசனை.

வீட்டுக்கு வந்தேன். சு. விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். தோசை வார்த்துக் கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் அவளே சொன்னாள், ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே. ராஜமாணிக்கம் அவள் எதிரிலேயே எழுந்து கடையின் உள்ளே போய் எனக்குப் பேசியிருக்கிறார். திரும்பி வந்து, நெக்லஸைப் பெட்டியில் வைத்து அவள் பக்கம் நகர்த்தி, "சார் அடுத்த வாரம் வரச் சொன்னாருங்கம்மா" என்றிருக்கிறார். கடையில் இன்னும் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தியின் பையன் சு.விடம் படிப்பவன்.

"உங்க சம்மதம் தேவையில்லன்னு நீங்கதான சொன்னீங்க?"

விலை நிலவரம் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவள் நின்று கேட்கவில்லை. சாவி குளிர்சாதனப் பெட்டி மேல் இருந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்றும் இன்றும் வாசிக்கவில்லை. கிட்டார்கள் இரண்டும் உறைக்குள், அலமாரிக்குப் பக்கத்தில். குரும்பலூருக்கும் போகவில்லை, தலைவலி என்று முருகேசனுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள். தலைவலி இல்லை என்பது தெரியும். மாவு அரைத்தாள், மகளுடன் போனில் வெகுநேரம் சிரித்துப் பேசினாள், திரைச்சீலைகளைத் துவைத்தாள். என்னோடும் பேசுகிறாள்: கேஸ் சிலிண்டர் பதிவு செய்தாச்சா, இட்லியா தோசையா. ஒரு குறையும் சொல்ல முடியாத நடத்தை.

மேல்முறையீட்டு மனு எழுத உட்கார்ந்தேன். ஒரே இடத்தை அவள் திரும்பத் திரும்ப வாசித்துப் பழகுவது எத்தனையோ நாள் எரிச்சலாக இருந்திருக்கிறது, கதவைச் சாத்தியிருக்கிறேன். இன்று கதவைத் திறந்துவைத்தும் இரண்டு பத்திக்கு மேல் நகரவில்லை.

என் நிலையை வரிசைப்படுத்திப் பார்க்கிறேன்.

ஒன்று, பணம்: காரணம் இல்லை. என் புத்தக அலமாரிக்கு ஆகும் செலவை அவள் ஒருநாளும் கேட்டதில்லை.
இரண்டு, ஊர்ப் பேச்சு: காரணம்தான். வெட்கமாக இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.
மூன்று: அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மகள் விடுதிக்குப் போனபின் வீட்டில் நாங்கள் இருவர். அவள் கிட்டாரை மடியில் வைத்தவுடன் நான் ஒருவன்.

மூன்றாவது காரணத்தை எந்த மன்றத்திலும் வாதாட முடியாது.

ஜூன் 23, திங்கள்

விடியலில் ஒரு சிறு தூறல். புழுதி அடங்கியது.

கோர்ட்டுக்குப் போகும் முன் ராஜமாணிக்கம் கடை. அப்போதுதான் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தார். நகை சு.வினுடையது, அவள் தனியாகத்தான் வருவாள், வந்தால் எனக்குப் போன் செய்யக் கூடாது என்று சொன்னேன். அவருக்கு வருத்தம். "தப்பா நெனைக்காதீங்க சார். வூட்டு ஆம்பளைக்குத் தெரியாம வாங்கிட்டா நாளைக்கு எங்க தலைலதான் விடியும். யாரு வந்தாலும் ஒரு வார்த்த கேட்டுக்குவோம்."

ஆண் வந்து விற்றால் மனைவிக்குப் போன் செய்வீர்களா என்று கேட்டேன். சிரித்தார். கடையில் வேலை செய்யும் பெண்ணும் சிரித்தாள்.

மாலை சீக்கிரம் வந்துவிட்டேன். சு. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து நானும் ஆய்ந்தேன். கடைக்குப் போய்ச் சொன்னதைச் சொன்னேன். தலையசைத்தாள். பிறகு, தயாரிப்பு எதுவும் இல்லாமல், ஊரில் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்துவிட்டேன் என்றேன்.

"அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல? சண்டையாவது போட்டிருப்பேன். அனுமதியா கேட்டேன் உங்ககிட்ட? உங்களுக்கு எப்படி இருக்குன்னு கேட்டேன். நீங்க பாட்டுக்கு ஜட்ஜ்மெண்ட் வாசிக்கறீங்க."

பிறகு சண்டை போட்டோம். உண்மையான சண்டை, குரல் உயர்ந்தது, கீரைத் தட்டு நகர்ந்தது. மூன்றாவது காரணமும் வெளியே வந்துவிட்டது. நீ அதை எடுத்துவிட்டால் நான் வீட்டில் இருப்பதே உனக்குத் தெரிவதில்லை என்றேன். சொன்னதும் காது சூடானது.

கையிலிருந்த கீரைக் காம்பைத் தட்டில் போட்டாள்.

"நீங்க கேஸ் கட்டப் பிரிச்சு உக்காந்தா நான் மட்டும் தெரியறேனா? இருபது வருசமா உங்களுக்குத் தொந்தரவு வேணாம்னு நான் கதவச் சாத்திக்கிட்டுதான இருக்கேன்?"

உண்மைதான் என்றேன். கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சமையலறையிலிருந்து, உப்புப் போட்டோமா இல்லையா என்று அவளாகவே பேசிக்கொள்வது கேட்டது. கூட்டில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. இருவரும் சாப்பிட்டோம்.

ஜூன் 25, புதன்

டயர் மாற்றியாயிற்று. முந்திரித் தோப்பு வழக்கில் ஆணையர் நியமனம். பத்து நாளில் இடத்தைப் பார்வையிட வருவார்.

சு. பள்ளி முடிந்து நேரே கடைக்குப் போய் விற்றுவிட்டாள். தனியாக. எனக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. விலை நிலவரம் கேட்கலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை.

செந்தில் போன். பேச்சு கிளம்பிவிட்டதா என்று விசாரித்தான். கிளம்பினால் சொல்கிறேன் என்றேன். "நீங்க ரொம்ப எடங்குடுத்துட்டீங்க மாமா." இடம் என்னுடையதில்லை, உன் அக்காவுடையது என்றேன். அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. முந்திரி கால் மூட்டை அனுப்புகிறானாம்.

ஜூன் 28, சனி

திருச்சி. நான் வர வேண்டுமா என்று கேட்டேன். "வேணும்னா வாங்க" என்றாள். வேண்டும் என்றேன்.

கடை முதல் மாடியில், குளிரூட்டிய அறை. சுவர் முழுவதும் கிட்டார். கடைப் பையன் நேரே என்னிடம் வந்து என்ன பட்ஜெட் சார் என்றான். வாங்குவது அவர், நான் கூட வந்தவன் என்றேன். சு. திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கேட்டது என்று தோள் சொன்னது.

ஆறேழு எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம். நான் ஸ்டூலில். இத்தனை வருடத்தில் அவள் வாசிப்பதை எதிரில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பது அங்கேதான் உறைத்தது. அடுத்த அறையிலிருந்தே கேட்டிருக்கிறேன். கடினமான இடம் வரும்போது கீழுதட்டைக் கடித்துக்கொள்கிறாள். விடைத்தாளில் தவறான விடைக்கு முன்னால் செய்வது போலவே.

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று கருப்பு. ஒரே பாட்டை இரண்டிலும் வாசித்தாள். "எப்படி இருக்கு?" என்றாள், என்னைப் பார்த்து.

எனக்கு இசை தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். வாசித்தாள். மஞ்சள்தான் என்றேன். காரணமும் சொன்னேன்: கருப்பில் தடித்த கம்பியின் ஒலி அடங்காமல் நின்று மெல்லியவற்றை மறைக்கிறது, மஞ்சளில் ஒவ்வொன்றும் தனித்தனியே கேட்கிறது. கடைப் பையன் என்னைப் புதிதாகப் பார்த்தான்.

சு. முழுவதையும் கேட்டாள். மஞ்சளை இன்னொரு முறை மடியில் வைத்துப் பார்த்தாள். "நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு அது நின்னு ஒலிக்கறதுதான் வேணும்" என்றாள். கருப்பு கிட்டாரைக் கட்டச் சொன்னாள்.

திரும்பும்போது பாடாலூர் தாண்டும்வரை மஞ்சளுக்கான என் வாதங்களை மீண்டும் எடுத்துவைத்தேன். சில புதியவற்றையும் சேர்த்தேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டே வந்தாள்.

"சரி, நல்லாத்தான் சொல்றீங்க" என்றாள். "கருப்புதான்."