சலுகை யார் பேர்ல

செல்லக்குட்டிக்கு, அத்தை எழுதறேன். சாமி புண்ணியத்துல இங்க எல்லாரும் சுகம்.

பிரிஞ்ச பிறகும் அப்பாவும் அம்மாவும் உன் பீஸு, வரின்னு போன்ல கத்துறாங்க, அதனால காலேஜை விட்டுடறேன்னு அழுதியே. மனசு கேக்காம, உங்கப்பனோட நானும் ஆடிட்டர் ஆபீசுக்குப் போனேன். உங்கம்மாவும் வந்திருந்தா. ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு காலி நாற்காலி. நான்தான் அதுல உக்காந்துக்கிட்டேன்.

"படிப்புச் செலவுக்கு வரியில சலுகை உண்டு. ஆனா ஒரே பீஸுக்கு ரெண்டு பேரும் கேக்க முடியாது, ஒருத்தர்தான் கேக்கலாம். யார் பேர்ல போடட்டும்?"னாரு ஆடிட்டர்.

"அவ பேர்லயே போடுங்க. பிள்ளைய வச்சுப் பாக்குறது அவதான்"னான் என் தம்பி.

"வேணாம் சார். லீவு நாள்லயும் வேலைக்குப் போய் பீஸ் கட்டுறது அவரு"ன்னா உங்கம்மா.

குரல் ஏறிடுச்சு. ஆடிட்டர் கண்ணாடியைக் கழட்டிட்டு, "எனக்குத்தான்னு அடிச்சுக்கிறவங்களத்தான் தினம் பாக்குறேன்"னாரு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. சந்நிதியில நிக்கிற மாதிரி கை தானா கூடிக்கிச்சு.

போன்ல நீ கேட்ட சண்டை இதுதான். இன்னும் முடியல, மறுபடி வரச் சொல்லியிருக்காரு. அவங்க சேர மாட்டாங்க, அந்த ஆசைய நானும் விட்டுட்டேன். ஆனா உனக்காக ஒரே மேசைக்கு வர்றாங்க.

பேசாம காலேஜுக்குக் கிளம்பு, தங்கம்.

உன் அத்தை