வளையம் ஒன்றில் இருக்கட்டும்

கோச்செவ்யே,
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள தம்பி ததேய்க்கு,

அண்ணி யெரிட்சா எழுதுவது. அம்மா, மகள் ப்ரினா, நான் மூன்று பேரும் இருக்கிறோம். நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன். கிராட்ஸில் உனக்கு ஒரு குறையும் இல்லை என்பது உன் கடிதத்தைப் படித்ததுமே தெரிந்துபோனது. குறை உள்ளவன் புதுத் துப்பாக்கியின் வால்நட் கட்டையைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுத மாட்டான்.

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மா அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டார்கள். படித்துக் காட்டு என்றார்கள். போல்ட் வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது, விசையின் இழுப்பு இத்தனை லேசு, குறிபார்க்க இந்த மூன்று ஸ்கோப்பில் எதை மாட்டலாம், வேட்டைச் சாமான் கடையில் இருப்பவர் நீங்கள்தானே அண்ணி, நீங்களே சொல்லுங்கள் என்றெல்லாம் எழுதியிருக்கிறாய். இதையா நான் அவர்களுக்குப் படித்துக் காட்டுவது? அம்மாவின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறான், குளிர் ஆரம்பித்துவிட்டதே, கம்பளிக் காலுறை போடச் சொல்கிறான் என்று நானே கட்டிச் சொன்னேன். உடனே எழுந்து போய்க் காலுறையைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டார்கள். உன் பெயரில் நான் நல்ல பிள்ளையாக நடிப்பது இது முதல் தடவை அல்ல.

வீட்டுச் சேதி கொஞ்சம். உருளைக்கிழங்கு இந்த வருஷம் சுமார்தான். கரடி வந்து பிளம் மரத்தின் ஒரு கிளையை அப்படியே கீழே இழுத்துப் போட்டுவிட்டுப் போனது. ப்ரினா வேட்டைப் பரீட்சையில் தேறிவிட்டாள். கேள்வி கேட்டவர்களே அசந்துபோனார்களாம். இந்த நவம்பர் விரட்டு வேட்டையில் முதல் தடவையாகத் துப்பாக்கியோடு வரிசையில் நிற்கப்போகிறாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்பா போன காடும்மா அது. அதுக்குப் பயந்துகிட்டு நான் எங்க போய் இருக்கறது?" என்று கேட்டாள். 

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். கேட்டது வாடிக்கையாளர் மாதிரி கேட்டாய், நானும் கடைக்காரி மாதிரியே சொல்கிறேன். நீ எழுதிய மூன்றும் எங்கள் கடையில் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை மதியம் கூட்டமில்லாத நேரத்தில் மூன்றையும் எடுத்து வைத்து, வாசலில் நின்று ஒவ்வொன்றாகக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தேன்.

முதலாவது, பெரிய முன்கண்ணாடி வைத்தது, பன்னிரண்டு மடங்கு வரை போகும். பரணில் உட்கார்ந்து அந்தி நேரத்தில் வயலோரம் வரும் மானைப் பார்க்க இதை மிஞ்ச ஒன்றில்லை. இருட்டைக்கூட வெளுத்துக் காட்டும். கடைக்கு வரும் ஆண்கள் முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் வேண்டும். நிலாவில் பேன் பார்க்கப் போகிறவர்கள் மாதிரி, எத்தனை மடங்கு, இன்னும் பெரியது இல்லையா என்றுதான் கேட்பார்கள். எவ்வளவு அகலம் தெரியும் என்று கேட்டவனை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மூன்றாவதை விட்டுவிடு. நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை. இரண்டுங்கெட்டான்.

இரண்டாவதுதான் விரட்டு வேட்டைக்கு உரியது. சின்னது, பார்க்க எடுப்பாக இருக்காது. பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பி ஒன்றில் வைத்தால் கண் பார்க்கிற அளவுக்குத்தான் காட்டும். அதனால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்தே பார்க்கலாம். வருகிற பன்றி, அதற்குப் பின்னால் இருக்கும் மரம், பக்கத்தில் நிற்கிற ஆள், குனிந்திருக்கிற ஆள் எல்லாம் ஒன்றாகத் தெரியும்.

தம்பி, முதல் ஸ்கோப்பைப் பன்னிரண்டில் வைத்து எதிர்ப்பக்கப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்தேன். வட்டம் முழுக்கக் கறுப்பாக ஒன்று நின்றது. லேசாக அசைந்தது. மயிரா, கம்பளியா, நாயா, மனுஷனா என்று எனக்குப் பிடிபடவில்லை. ஸ்கோப்பை இறக்கிப் பார்த்தேன். ரொட்டிக்கடைக்காரர் மனைவி கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பேருந்துக்காக நின்றிருந்தாள். என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். எனக்குக் கை ஆட்ட வரவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு உனக்கு என்ன தெரிந்திருக்கும் என்று இத்தனை வருஷம் கழித்துத்தான் என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் உன் மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. ஒரு வளையம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், ஒரு திருப்பு. முந்தின நாள் சாயங்காலம் பரணில் மானுக்காகப் பன்னிரண்டில் வைத்தாய். காலையில் அதே துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசைக்கு வந்தாய். ராய்கோ அண்ணன் வேட்டைத் தலைவராக எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, எப்போதும் சொல்வதை அன்றைக்கும் சொன்னார். "பரண்ல இருந்து வந்தவங்க வளையத்தக் கீழ இறக்குங்கப்பா. முழு மிருகம் கண்ணுக்குத் தெரிஞ்சாத்தான் விரல் உள்ள போகணும்." நீ அப்போது உன் அண்ணனோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவரும்தான் சிரித்தார். என்ன சொன்னாய் என்று கேட்க வேண்டும் என்று பல தடவை நினைத்திருக்கிறேன். வேண்டாம், சொல்லாதே.

பிறகு நடந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் அண்ணன் காஷ்பர், வரிசையை நோக்கிப் பன்றிகளை விரட்டுகிறவர்களில் ஒருவராக, நாய்களோடு புதருக்குள் போனார். ஒரு பன்றி நம் நாய் பீகாவின் வயிற்றைக் கிழித்துவிட்டு ஓடிவிட்டது. அவர் மண்டியிட்டுத் ஆள் என்று தெரிவதற்காகப் போடும் தன் ஆரஞ்சு மேல்சட்டையைக் கழற்றி நாயின் வயிற்றைச் சுற்றிக் கட்டினார். தொப்பியில் ஆரஞ்சுப் பட்டை இருந்தது. வெறும் கண்ணுக்கு அது தெரிந்திருக்கும். உன் வட்டத்துக்குள் தொப்பி வரவில்லை, முதுகுதான் வந்தது.

அதற்காக நான் உன்னைச் சபிக்கவில்லை. கை தவறும், கண் தவறும். நான் மன்னிக்க முடியாமல் கிடப்பது நீ சுட்டதை அல்ல. விசாரணையில் எழுந்து நின்று, அண்ணன் மேல்சட்டை போட்டிருக்கவில்லை என்று சொன்னாயே, அதை. பொய் இல்லை, உண்மைதான். ஆனால் அந்த உண்மையை நீ உனக்கு முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டாய். நீதிபதி பாதிக் குற்றத்தை இறந்துபோனவர் தலையில் வைத்தார். உனக்குக் கொஞ்ச வருஷம் துப்பாக்கி தொடத் தடை, அவ்வளவோடு முடிந்தது. மறு வாரமே எல்லை தாண்டி கிராட்ஸுக்குப் போய்விட்டாய்.

நீ போய்விட்டாய், அந்த வாக்கியம் இங்கேயே தங்கிவிட்டது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார்கள். சூப் குடிக்கும்போது, துணி மடிக்கும்போது, எதற்கும் சம்பந்தமே இல்லாமல், "அவன் மட்டும் அந்தச் சட்டையக் கழட்டாம இருந்திருந்தா எனக்கு ரெண்டு புள்ளையும் இருந்திருப்பானுங்க" என்பார்கள். என்னைப் பார்த்துத்தான் சொல்வார்கள், சட்டையை நான்தான் கழற்றச் சொன்ன மாதிரி. அவர்களையும் குறை சொல்ல முடியாது. ஒரு பிள்ளையைக் கொன்றவன் இன்னொரு பிள்ளை என்பதை எந்தத் தாயால் தாங்க முடியும்? செத்தவனையே குற்றவாளியாக்கிவிட்டால் இருப்பவனைக் கட்டிக்கொள்ளலாம். அதனால் நான் வாயைத் திறப்பதில்லை. பீகா பிழைத்துக்கொண்டது. அடுப்படியில்தான் படுத்திருக்கிறது, அம்மா அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுகிறது. எனக்குத்தான் அந்த வசதி இல்லை.

அன்றைக்குக் காட்டுச் சாலையில், நாய்க் கூண்டு வண்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவருக்காக நின்றிருந்தேன். விரட்டுகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தானே வெளியே வருவார்கள். அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ராய்கோ அண்ணனுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை பாவம். விழுந்த மிருகத்துக்கு மரியாதையாக வைக்கிற தேவதாருக் கிளையை ஒடித்து அவர் மார்பில் வைத்துவிட்டார். நான் அதைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நீ அந்தக் கூட்டத்தில் இல்லை.

இப்போது உன் கடிதத்தின் உள்ளே இருப்பதைச் சொல்கிறேன். கிராட்ஸில் ஸ்கோப்புக் கடைக்கா பஞ்சம்? உன் தடைக்காலம் முடிந்துவிட்டது. ராய்கோ அண்ணனுக்கு எழுதி, நம் சங்கத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டிருக்கிறாய். போன வாரம் அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் வந்து நின்றார். நம் சங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ரத்தம் சிந்த வைத்தவன் திரும்ப வேண்டுமானால், சிந்தியவர் வீட்டார் எல்லோர் முன்னாலும் அவனுக்குக் கை கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதற்கு மேல் பேச்சு இல்லை. "நீ சரின்னா சரி, யெரிட்சா. மாட்டேன்னா அதோட விட்டுடறோம். யாரும் உன்னக் கட்டாயப்படுத்தல" என்றார். உள் அறையிலிருந்து அம்மா, "கை கொடுடி, நான் சாகறதுக்குள்ள அவன இந்த வீட்டுல பாக்கணும்" என்று அழுதார்கள்.

என் கை வேண்டும் என்று நீ என்னிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கத் தைரியம் இல்லாமல் எந்த ஸ்கோப்பு நல்லது என்று கேட்கிறாய். நான் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் கை கொடுத்த மாதிரி என்று கணக்குப் போட்டாயா? நீ சின்னப் பையனாக இருந்தபோதும் இப்படித்தான். ஜன்னலை உடைத்துவிட்டு, அண்ணி, இன்றைக்கு மழை வருமா என்று கேட்பாய்.

ப்ரினாவிடம் எதையும் மறைக்கவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே தட்டுகளைக் கழுவி அடுக்கினாள். பிறகு, "சித்தப்பா வரட்டும்மா. ஆனா வரிசையில வேண்டாம். அப்பா போன வழியில அவர் நடக்கட்டும்" என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. இந்த வயதில் அவளுக்கு இவ்வளவு நிதானம் வந்திருக்க வேண்டியதில்லை.

ஆகவே என் பதில் இதுதான். இரண்டாவது ஸ்கோப்பை வாங்காதே. அதை நான் வாங்கி ப்ரினாவின் துப்பாக்கியில் மாட்டிவிட்டேன். வளையம் ஒன்றில் இருக்கிறது. அது அங்கேயே இருக்கிறதா என்று வேட்டையன்று காலையில் அவளும் பார்ப்பாள், நானும் பார்ப்பேன்.

மார்ட்டின் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை வேட்டை. உன் புதுத் துப்பாக்கியை கிராட்ஸிலேயே பூட்டி வைத்துவிட்டு வெறும் கையோடு வா. முந்தின நாளே வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார். சட்டைப் பேச்சை அவர்கள் எடுத்தால், வளையம் பன்னிரண்டில் இருந்தது அம்மா என்று நீயே உன் வாயால் சொல். மறுநாள் விரட்டுகிறவர்களோடு புதருக்குள் இறங்கு. ராய்கோ அண்ணனிடம் சொல்லிவிட்டேன், நீ நடக்க வேண்டியது காஷ்பர் நடந்த வழி. அன்றைக்கு நீ நின்ற இடத்தில் ப்ரினா நிற்பாள். முள் கிழிக்கும், நாய்கள் குரைக்கும், எங்கோ துப்பாக்கி வெடிக்கும். அங்கே நிற்பவள் முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் விரல் வைப்பாள் என்று நம்பிக்கொண்டு நட. உன் அண்ணன் உன்னை அப்படித்தான் நம்பினார்.

பயமாக இருந்தால் வர வேண்டாம். உனக்கு வேலை அதிகம் என்று அம்மாவிடம் எப்போதும் போல் நானே ஏதாவது சொல்லிக்கொள்வேன்.

வந்தால், வேட்டை முடிந்ததற்கான குழல் ஊதும்போது நான் அதே காட்டுச் சாலையில் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். புதரை விலக்கிக்கொண்டு உன் காலால் நடந்து என் முன்னால் வந்து நில். சங்கத்தார் எல்லோரும் பார்க்கக் கை கொடுக்கிறேன். அதற்கு முன்னால் கொடுக்க மாட்டேன். அந்த வழியாக எனக்கு ஒருவர் வர வேண்டியது பாக்கி இருக்கிறது. நீயாவது உயிரோடு வந்து சேர், தம்பி.

ஆண்டவர் உன் கூடவே நடக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
யெரிட்சா