காலி நிலத்தில் குடியிருப்பவள்

என் பெரியவளுக்கு, அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும். இங்கே உன் அப்பாவுக்கு முழங்கால் வலி, எனக்குக் கோபம், மற்றபடி இருவரும் சௌக்கியம். போனில் என்னை முழுதாகப் பேச விடமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன்.

பிடிவாதத்தை விட்டுவிட்டு அந்த வாசல் அறையைக் காலி செய்யம்மா, நல்லது நடக்கும்போது குறுக்கே நிற்காதே என்று போன வாரம் சொன்னாய். யார் சொல்லிக்கொடுத்தது என்று தெரியும், உன் அப்பா எனக்குத் தெரியாமல் பேசுவதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படிதான் பேசுகிறார். நடந்ததை நான் சொல்கிறேன், யார் குறுக்கே நின்றது என்று நீயே பார். பேட்டரி கம்பெனியை மூடியபோது நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். தொழிலாளிகளுக்குச் சீருடை தைக்க எனக்குக் கொடுத்த கம்பெனி வாசல் அறையிலேயே நாம் தங்கிவிட்டோம், போகச் சொல்ல ஆளில்லை. உள்ளே அத்தனை பெரிய நிலத்திலும் ஈயமும் அமிலமும் இறங்கிக் கிடக்கிறது, சுத்தம் செய்யுங்கள் என்று நான் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. தனியார் நிலத்துக்கு அரசாங்கம் காசு போடாது என்று கையை விரித்தார்கள். அதே ஆட்களிடம் மின் இணைப்பு கேட்டேன், அங்கே யாரும் குடியில்லையே என்றார்கள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்கள்.

இப்போது அரசாங்கத்துக்குக் கண் திறந்துவிட்டது. கெட்டுப்போன காலி நிலத்தை யார் வாங்கிச் சுத்தம் செய்து வீடு கட்டினாலும் செலவில் பாதியைப் பொதுப்பணத்தில் கொடுக்கிறார்களாம், ஊக்கத்தொகை என்று பெயர். வாங்கியிருப்பவர் பழைய முதலாளியின் மருமகன். விஷத்தைக் கொட்டியது மாமனார், அதை அள்ள ஊக்கம் தேவைப்படுவது மருமகனுக்கு. இத்தனை வருஷம் மனு எழுதினேன், எனக்கு ஒருத்தரும் ஊக்கம் தரவில்லை. அவர் அதிகாரியையும் கூட்டிக்கொண்டு வந்து அம்மா அம்மா என்று குழைந்து பேசினார். நிலம் காலியாக இருந்தால்தான் பணம் வருமாம், நான் இருப்பதால் அது காலி இல்லையாம். கரண்டு கேட்டபோது நான் இல்லை, பணம் வரும்போது இருக்கிறேன். சரி, இங்கே ஒருத்தி குடியிருந்தாள் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள், மறுநாளே போகிறேன் என்றேன். அதிகாரி தலையைச் சொறிந்தார். அப்படி எழுதினால் குடியிருப்பு நிலமாகிவிடும், திட்டத்தில் வராது என்றார். அப்படியானால் நானும் வழிக்கு வரமாட்டேன் என்றேன். உன் அப்பா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தூக்கலாக.

தெருவே என் மேல் பாய்ந்தது. பக்கத்து மெக்கானிக்கின் மனைவி, சுத்தம் பண்ணு சுத்தம் பண்ணுன்னு கத்தினதும் நீங்கதான், பண்ண வந்தா வாசல்ல குந்திக்கிட்டு மறிக்கிறதும் நீங்கதானாக்கா என்று கேட்டாள். அவளுக்கு வாய் நீளம். அவள் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை அதிகாரி காமிராவோடு வந்தார், நிலம் காலி என்று காட்டப் படம் வேண்டுமாம். நான் நாற்காலியைக் கொண்டுபோய் நடுவில் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்சம் நகருங்கம்மா என்றார், முடியாது என்றேன். அவர் எந்தப் பக்கம் போனாலும் நாற்காலியோடு நானும் போனேன். உன் அப்பா என்னை யாரென்றே தெரியாதவர் மாதிரி தெருவைப் பார்த்தார். அந்த நேரத்தில் மெக்கானிக்கின் கைக்குழந்தை இடிந்த சுவர் வழியாகத் தவழ்ந்து வந்து மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தது. மற்றவர்கள் என்னையே முறைத்துக்கொண்டிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. ஓடிப்போய் வாயில் விரலை விட்டு வழித்தேன், பல் முளைத்திருக்கிறது, கடித்துவிட்டது. தூக்கிக்கொண்டுபோய்த் தெருக்குழாயில் வாயைக் கழுவிவிட்டு, இன்றே டாக்டரிடம் காட்டி ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா பார் என்று மெக்கானிக்கின் மனைவியிடம் சத்தம் போட்டேன். திரும்பிப் பார்த்தால் நாற்காலி ஓரமாக இருக்கிறது, காமிரா உறைக்குள் போய்விட்டது. நன்றிம்மா என்றார் அதிகாரி. இன்னொரு தடவை எடு என்று சண்டை போட்டு மறுபடி உட்கார்ந்திருக்கலாம். குழந்தை இடுப்பில் இருந்தது, உட்காரவில்லை.

நான் விட்டுக்கொடுத்துவிட்டேன் என்று உன் அப்பா சொல்வார், நம்பாதே. குழந்தையைத் தூக்கப் போனேன், அவ்வளவுதான். வரச்சொல்லி நீ கூப்பிடுவாய், வருகிறோம், ஆனால் மாப்பிள்ளை தன் வாயால் கூப்பிட வேண்டும், தையல் மெஷினுக்கு ஜன்னலோரம் இடம் வேண்டும். சின்னவனைக் கை கழுவாமல் சாப்பிட விடாதே, நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே. எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

அடுத்த மாதம் மண் அள்ள வண்டி வருகிறதாம். அதற்கு முந்தின தேதியில் டிக்கெட் போட்டுவிடாதே. முதல் வண்டி நிரம்பி வெளியே போவதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவேன். தெருவில் நின்று பார்ப்பேன், தெருவை இன்னும் யாரும் வாங்கவில்லை.

இப்போதைக்கு இங்கேயே இருக்கும்
உன் அம்மா