திருப்பிச் சொல்கிறேன், சரி பார்

அன்புள்ள மாத்திரைக்கு,

நம் பட்டப்பெயர்களை மறந்திருக்கமாட்டாய், எக்ஸ்ரே எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர சுகத்துக்குக் குறைவில்லை. நீயும் உன் மகன் குடும்பமும் அந்த ஊர்க் குளிரும் ஒருவரை ஒருவர் பொறுத்துக்கொண்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் முழங்காலைக் காட்ட நம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இருபது வருஷம் நான் படமெடுத்த அறை வாசலில் என்னையே டோக்கனோடு உட்கார வைத்தார்கள், கொடுமையைப் பார்! நீ மருந்து கொடுத்த ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். டாக்டர்கள் இப்போது போனில் மருந்து சொல்வதில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் வருகிறது. "டாக்டர், திருப்பிச் சொல்றேன், சரியான்னு சொல்லுங்க" என்று நீ கத்துவது கடைசி வார்டு வரை கேட்குமே, அது இல்லாமல் அந்த இடமே வெறிச்சென்று இருந்தது.

நம் மத்தியானச் சண்டைக்கும் அதைத்தானே சட்டமாக்கினாய்? சாப்பாட்டு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு நான் பைபிளைத் திறப்பேன். தாம் போனபின் வேறொரு தேற்றரவாளன், அதாவது ஆறுதல் தருகிறவர், வருவார் என்று யோவான் சுவிசேஷத்தில் இயேசு சொல்லும் இடம். அது எங்கள் நபிதான் என்பாய். பரிசுத்த ஆவி என்று பக்கத்திலேயே எழுதியிருக்கிறதே, கண் தெரியவில்லையா என்பேன். உடனே கையை நீட்டித் தடுப்பாய். "முதல்ல நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லு. நான் சரின்னு சொன்னப்புறம் பதில் பேசு." ஒரே வசனத்தில் ஒரு வாரம் போயிருக்கிறது. பத்து வருஷத்தில் நீயும் மாறவில்லை, நானும் மாறவில்லை. ஆனால் அவ்வளவு சந்தோஷமாக நான் வேறு யாரோடும் சண்டை போட்டதில்லை.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. என் பைபிள் வகுப்புக்கு வா வா என்று உன்னை நச்சரித்ததே நான்தான். அன்று பாடம் அதே தேற்றரவாளன் வசனம், நீ கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாய். ஒருவர் எழுந்து, முஸ்லிம்கள் இந்த வசனத்துக்கு வேறு அர்த்தம் சொல்கிறார்களே என்று கேட்டார். "அவங்களுக்கு அடுத்த வரியைப் படிக்கப் பொறுமை கிடையாது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ எவ்வளவு பொறுமையாகப் படித்தவள் என்று அந்த அறையில் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

டீ கூடக் குடிக்காமல் போனாய். மறுநாளிலிருந்து "வாங்க மேடம், போங்க மேடம்" என்று மரியாதை கொடுத்தாயே, அதற்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம். இரண்டே மாதத்தில் மகனிடம் போய்விட்டாய். ஆறு வருஷம் ஓடிவிட்டது. வெட்கத்தில் எழுதவில்லை.

வருகிற மாதம் வகுப்பில் அதே அதிகாரம் வருகிறது. என் பதிலுக்கு முன்னால் உன் பக்கத்தைச் சொல்லப் போகிறேன்.

நீ சொன்னது இது. வருகிறவர் சுயமாகப் பேசமாட்டார், கேட்டதையே சொல்வார் என்று அதே சுவிசேஷத்தில் இருக்கிறது. உங்கள் நபியும் தமக்கு அருளப்பட்டதைத்தான் ஓதினார். தமக்குப் பின் ஒரு தூதர் வருவார் என்று ஈசா, அதாவது இயேசு, நற்செய்தி சொன்னதாகக் குர்ஆனிலும் இருக்கிறது. "உன் புத்தகத்தைப் பிடுங்க வரலடி. ஈசா எங்களுக்கும் நபி. பிரியமானவர் வாயால இன்னொரு பிரியமானவரைப் பத்தி ஒரு வார்த்தை வந்திருக்காதான்னு தேடுறோம்."

நான் இன்றும் பரிசுத்த ஆவி என்றுதான் சொல்வேன், நீ திட்டிக்கொள். ஆனால் உன் கடிதம் வராமல் அந்த வகுப்பில் வாயைத் திறக்கமாட்டேன்.

உனக்கும் உன் வீட்டாருக்கும் சமாதானம் உண்டாக தினமும் ஜெபிக்கிறேன். ஆறு வருஷம் தாமதமாகத் திருப்பிச் சொல்லியிருக்கிறேன், மாத்திரை. சரியான்னு சொல்லுடி.

உன்
எக்ஸ்ரே