உங்கள் இருமல் எனக்கும் வந்துவிட்டது, அப்பா

இப்போது இருமாமல் நிம்மதியாக இருக்கிற என் அப்பாவுக்கு,

நான் ஒரு மின்சிகரெட் வாங்கியிருக்கிறேன். இங்கே எல்லாரும் வேப் என்கிறார்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் ஏசாதீர்கள். நீங்கள் பல்கனியில் மறந்துவிட்டுப் போன பெட்டியிலிருந்துதான் நான் முதல் சிகரெட்டை எடுத்தேன். அதனால் ஏசுகிற உரிமை உங்களுக்கு இல்லை.

ஏன் வாங்கினாய் என்று கேட்பீர்கள். பயம் அப்பா, வேறொன்றும் இல்லை. குளிர் தொடங்கினதிலிருந்து காலையில் எனக்கும் இருமல். முதலில் தொண்டையைச் செருமுவது போல வரும், பிறகு அடிவயிற்றிலிருந்து கிளம்பும், கடைசியில் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு விசில். அந்த விசிலை எனக்குத் தெரியாதா? கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இந்த அப்பார்ட்மென்டில் நானும் அம்மாவும் எத்தனை காலம் அதைக் கேட்டோம்! ஒரு நாள் குளியலறையில் இருமி முடித்தபோது, எனக்குள்ளே இருந்து நீங்கள் இருமினது போல இருந்தது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி இருத்துவதும் கழுவித் துடைப்பதும்தான் இன்னும் என் வேலை. எங்கள் மாடியில் மூக்கில் ஒட்சிசன் குழாயோடு கிடக்கிறவர்கள் அதிகம். முன்பு அவர்களைப் பார்த்தால் உங்கள் ஞாபகம் வரும். இப்போது நானே அந்தக் கட்டிலில் கிடப்பது போலத் தெரிகிறது.

டொக்டர் ஒரு குழாய்க்குள் ஊதச் சொன்னார். ஊதினேன். மூச்சு குறைந்துவிட்டது, இப்போதே விட்டால் இதோடு நிற்கும் என்றார். தோளில் ஒட்டுகிற மருந்தைத் தந்தார். அதை ஒட்டிக்கொண்டே பல்கனிக்குப் போய்ச் சிகரெட் பத்தினேன், அவ்வளவுதான் என்னுடைய வைராக்கியம்! பிறகு அங்கே இருந்த நர்ஸ் சொன்னாள், ஒன்றாலும் முடியாவிட்டால் வேப்புக்கு மாறு, ஆனால் முழுதாக மாறு, அதையும் இதையும் சேர்த்துப் பிடித்தால் பயன் இல்லை என்று. அது நல்லதா என்று கேட்டேன். நல்லதில்லை, சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்றாள். இருபது வருடம் கழித்து என்ன செய்யும்? தெரியாது என்றாள்.

எங்கள் பக்கத்திலேயே வேப் கடை இருக்கிறது. ஆனால் நம் சனத்தின் கண்ணை நீங்கள் அறியாதவரா? ஒரு பொம்பிளை அந்தக் கடைக்குள் போனாள் என்றால் பின்னேரத்துக்குள் கோயில் வரைக்கும் கதை போய்விடும். அதனால் மெட்ரோ ஏறி வில்லரேக்குப் போனேன். அந்தக் கடையின் கண்ணாடி முழுக்கக் கறுப்பு ஒட்டியிருந்தது, வெளியிலிருந்து சாமான் தெரியக்கூடாதாம். களவெடுக்கப் போகிறவளைப் போல நெஞ்சு அடிக்க அடிக்க உள்ளே போனேன். கடையில் நின்றவள் என் வயதுக்காரி, கரகரத்த குரல். அவள் பிரெஞ்சில் கதைத்ததை உங்களுக்கு எங்கட பாஷையிலேயே சொல்கிறேன்.

“ஆருக்கு?” என்று கேட்டாள்.

“என்ர மனுசனுக்கு.”

ஓமப்பா, என்னை விட்டுவிட்டு ரொறன்ரோவுக்கு ஓடின மனுசனைத்தான் அந்த ஒரு நிமிடத்துக்குத் திருப்பிக் கூட்டிவந்தேன்.

“அவர் எழும்பி எவ்வளவு நேரத்தால முதல் சிகரெட் பத்துவார்?”

கட்டிலால் இறங்கின உடனே என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் இருமல் வந்துவிட்டது. நிற்கவே இல்லை. அவள் கதிரையை இழுத்துப் போட்டுத் தண்ணீர் தந்தாள்.

“உங்கட மனுசனுக்குச் சுகமில்லாட்டி உங்களுக்குத்தான் இருமுது போல” என்று சிரித்தாள். “பரவாயில்லை. நானும் என்ர தம்பிக்கு எண்டு சொல்லித்தான் முதல் வாங்கினனான்.”

அதற்குப் பிறகு நான் மனுசனை இழுக்கவில்லை. விலை குறைந்ததைக் காட்டச் சொன்னேன். முடிந்ததும் எறிகிற சாதி ஒன்று இருந்தது. அதில் கையை வைத்தேன்.

“இது இண்டைக்கு மலிவு. எறிஞ்சு எறிஞ்சு வாங்கினா, பேந்து சிகரெட் காசுக்குக் கிட்ட வந்துடும்” என்றாள். பெட்டி மாதிரிப் பெரிய ஒன்றைக் காட்டினேன். “அது புகைமண்டலம் போடுற பெடியளுக்கு. உங்கட நெஞ்சு தாங்காது.”

கடைசியில் பேனா அளவில் ஒன்றை என் கையில் வைத்தாள். போன் வயரிலேயே சார்ஜ் ஏறும். நுனியில் சின்னக் கூடு ஒன்று, அதற்குள் திரவத்தை நாங்களே ஊற்றலாம். கருகின ருசி வந்தால் கூட்டை மட்டும் மாற்றினால் போதும். பயத்தில் நிக்கோட்டின் ஆகக் குறைந்த போத்தலை எடுத்தேன். அவள் அதைத் திருப்பி வாங்கி வைத்துவிட்டாள்.

“இது உங்களுக்குக் காணாது. பின்னேரமே டெப்பனர்க் கடை வாசலில சிகரெட்டுக்கு நிப்பீங்கள். முதல் கூடினதில தொடங்குங்கோ, பேந்து மெல்ல மெல்லக் குறையுங்கோ.”

மிண்ட் வாசம் கேட்டேன். இந்த மாகாணத்தில் தடையாம். புகையிலை ருசி, இல்லாவிட்டால் ருசியே இல்லாதது. ருசி இல்லாததையே வாங்கினேன். புகையிலை ருசி என்றால் உங்கள் சேர்ட்டை மோந்து பார்ப்பது போல இருக்கும் என்று பயந்தேன்.

வீட்டில் திரவத்தை ஊற்றின பிறகு கொஞ்ச நேரம் ஊறவிடச் சொல்லியிருந்தாள். எனக்கு ஏது பொறுமை? சிகரெட்டை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு. கருகின துணி வாசம், நெஞ்சு அடைத்தது, பற்றரி வெடிக்கப் போகிறது என்று பல்கனிப் பனிக்குள் எறிந்துவிட்டேன். பிறகு வெறுங்கையால் கிண்டித் தேடினேன். நீங்கள் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். துடைத்து, புதுக் கூடு போட்டு, சுடு தேத்தண்ணியை உறிஞ்சுவது போல மெல்ல இழுக்கப் பழகினேன். சிகரெட் இல்லாமல் ஒரு கிழமை போனது. பிறகு இன்னும் சில கிழமைகள் போயின. அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போதுதான் உங்கள் திவசம் வந்தது.

ஐயர் செய்ததெல்லாம் முடிந்தபின், உங்களுக்குப் பிடித்ததை வைத்து அம்மா வீட்டில் தனியாகப் படைப்பது உங்களுக்குத் தெரியும். நண்டுக்கறி, ஒரு மிடறு விஸ்கி, ஒரு சிகரெட். இங்கே ஒற்றைச் சிகரெட் விற்கமாட்டார்கள். அம்மா முழுப் பெட்டியையும் வாங்கிவந்து உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். வீட்டுக்குள் ஒரு பெட்டி சிகரெட்! பாம்பு கிடக்கிற அறைக்குள் போகிறவளைப் போல அந்தப் பக்கம் பார்க்காமல் திரிந்தேன். வேலையில் நிற்கும்போதும் மனம் அங்கேயேதான் கிடந்தது.

படையலன்று தம்பி சிகரெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தீக்குச்சியைக் காட்டினான். நுனி கறுத்ததே ஒழிய நெருப்புப் பிடிக்கவில்லை.

“விடு தம்பி” என்றார் அம்மா. “இழுத்தால்தான் அது பிடிக்கும். ரஞ்சி, நீ கொளுத்து.”

“நானோ?”

“நீதான். இந்த வீட்டில வேற ஆருக்குப் பத்தத் தெரியும்?”

தம்பி வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான். எனக்கு வெட்கம் வரவில்லை அப்பா, பயம்தான் வந்தது. கை தானாக நீண்டு, சிகரெட் விரலுக்கு நடுவில் வந்து நின்றுவிட்டது. அந்த வாசத்துக்கு வாய் ஊறியது. உங்களுக்காகத்தானே, ஒரே ஒரு இழுப்புத்தானே என்று மனம் சொன்னது. பிறகு மீதிப் பெட்டி? அதுவும் உங்களுக்காகவா?

“அம்மா, எனக்குப் பயமாக் கிடக்கு” என்றேன். “இதில வாய் வைச்சனெண்டா நான் திரும்பிப் போயிடுவன். நான் விட்டுட்டன்.”

“விட்டுட்டியோ? உண்மையாவோ?”

“அம்மாளாணை.”

அம்மா என் விரலிலிருந்து அதைப் பிடுங்கினார். படத்துக்கு முன்னால் இருந்த பெட்டியையும் எடுத்தார். குசினித் தொட்டிக்குள் எல்லாவற்றையும் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

“அம்மா, அது அப்பாவுக்கு வைச்சது...” என்றான் தம்பி.

“கொப்பர் செத்தவர். அவருக்கு இனி ஒண்டும் வராது” என்று அம்மா கத்தினார். “இவள் காலமை காலமை இருமேக்க நான் கதவுக்கு வெளியில நிண்டு கேக்கிறன். அது நிக்குமட்டும் எனக்கு மூச்சு வாறேல்லை. அந்தச் சத்தத்தை இன்னொருக்கா கடைசி மட்டும் கேக்க என்னால ஏலாது.”

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உங்கள் படத்துக்கு முன்னால் வந்து நின்றார். “கோவிக்காதேங்கோ” என்றார், உங்களிடம்தான். கோபமா அப்பா?

இருமல் இன்னும் முழுதாகப் போகவில்லை. டொக்டர் திரும்ப ஊதச் சொல்வார். இந்தப் பேனாவையும் ஒரு நாள் விடவேண்டும். அடுத்த போத்தலை ஒரு படி குறைத்து வாங்குவேன், அதற்கடுத்ததை இன்னும் குறைப்பேன். உங்கள் இலையில் நண்டு இருக்கும், விஸ்கி இருக்கும். சிகரெட் இனி இருக்காது.

எவ்வளவு பயந்தாலும் அம்மாவை உங்களிடம் நான்தான் அனுப்பிவைப்பேன், அவர் என்னை அனுப்பமாட்டார். இதுதான் நான் உங்களுக்குத் தருகிற சத்தியம். அம்மா வருவதற்கு முன்னால் நான் அங்கே வந்து நின்றால், உள்ளே விடாதீர்கள் அப்பா. ஏசித் திருப்பி அனுப்புங்கள். அதற்கு மட்டும் உங்களுக்கு உரிமை தருகிறேன்.

இப்படிக்கு, உங்கள் மூச்சுக்கும் உங்கள் பிடிவாதத்துக்கும் வாரிசான மூத்தவள்,
ரஞ்சி