நஞ்சறுப்பான் இலையும் ஓர் ஊசியும்

இன்று காலை ஆய்வகத்தில் மாணவி ஒருத்தி நஞ்சறுப்பான் இலையை எரிசாராயத்தில் ஊறப்போட்டிருந்தாள். அந்தப் பச்சை வாடை மூக்கில் ஏறியதும் உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது. நீ இறந்துபோய் மூன்று வருடமாகிறது.

மேகமலை ஏலக்காட்டில் கதண்டுக் குளவி கொட்டி உன் அப்பா இறந்தபோது உனக்குப் பன்னிரண்டு வயது. உடம்பெல்லாம் தடித்து, மூச்சுக்குழல் அடைத்து, சின்னமனூர் ஆஸ்பத்திரிக்குக் கீழே கொண்டுவரும் முன்பே முடிந்துவிட்டது. அதனால்தான் மதுரையில் நாம் ஆய்வுக்குச் சேர்ந்தபோது நீ இந்த நஞ்சறுப்பான் கொடியை எடுத்தாய். உங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் மூச்சிளைப்புக்கு மென்று தின்னும் இலை. அதிலிருந்து நாம் பிரித்தெடுத்த சேர்மம், ஒவ்வாமையின்போது செல்கள் கொட்டும் ஹிஸ்டமைனைக் கண்ணாடித் தட்டில் குறைத்தது. நான் துள்ளினேன். நீயோ, "இன்னொரு தடவ செஞ்சு பாப்போம்டி" என்றாய்.

இலை பறிக்க மலையேறிய அந்த ஐப்பசியில், களை வெட்டிக்கொண்டிருந்த ஒருவரைக் கதண்டு கொட்டியது. எஸ்டேட் மருந்தகத்துக்குத் தூக்கி வந்தபோது முகம் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி நம் இலைப்பையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த எல நல்லதுன்னு பெரியவுக சொன்னாக. அரைச்சு ஊத்துங்க, ஆத்தா."

நீ பையைக் கீழே வைத்தாய். "இது இன்னும் மருந்தாகலக்கா. ஊசிதான் காப்பாத்தும்" என்றாய். அலமாரியில் ஒவ்வாமையை முறிக்கும் அட்ரினலின் ஊசி இருந்தது. கம்பவுண்டர் தயங்கினார்.

"டாக்டர் இல்லாம போட்டா என் வேல போயிரும்மா."

"நான் சொல்லித்தான் போட்டீகன்னு எழுதித் தாரேன். தொடையில போடுங்க."

எழுதிக் கையெழுத்தும் போட்டாய். ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு சீரானது. ஜீப்பில் சின்னமனூர் போய்ச் சேரும்போது அவர் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் நீ அழுதாய்.

செய்தி கேள்விப்பட்டு வந்த நிருபர், "மூலிகை ஆராய்ச்சியாளர் உயிர் காத்தார்னு போடலாமா?" என்று கேட்டார். "ஊசியால பொழச்சாருன்னு போடுங்க" என்றாய். அவர் எதுவுமே போடவில்லை. உனக்கு அதில் வருத்தமில்லை. எனக்கு அன்று உன் தோழி என்பதே பெருமையாக இருந்தது.

நம் சேர்மம் இப்போது எலிகளில் பலன் தருகிறது. மனிதரில் தருமா என்று யாரும் அறியார். போன வாரம் ஒரு கூட்டத்தில், "இது எப்பங்க மருந்தா வரும்?" என்று கேட்டார்கள். "தெரியாது" என்றேன். நிமிர்ந்து நின்று, குரல் தாழாமல்.